ட்ரோனுக்கு ஒரு சிம் கார்டு: பொருத்தும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

வயலுக்கு மருந்து தெளிக்க, நிலத்தை அளக்க, வெள்ளம் சூழ்ந்த பகுதியைப் பார்வையிட என்று ட்ரோன் இன்று பல வேலைகளுக்கு வந்துவிட்டது. ட்ரோன் இயக்கும் இளைஞர்களும், சுயஉதவிக் குழு மகளிரும், பொறியியல் மாணவர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தோப்பைத் தாண்டினா சிக்னல் விட்டுப் போகுது. செல்போன் மாதிரி ட்ரோன்லயும் ஒரு சிம் போட்டுட்டா என்ன?"

போடலாம். அதற்கான கருவிகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிம் கார்டு தொடர்பின் தூரத்தைக் கூட்டும். பறக்கும் அனுமதியைக் கூட்டாது. தொடர்பு அறுந்தால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் சிம்மைப் பொருத்த வேண்டும்.

சிம் என்ன வேலை செய்கிறது?

சாதாரண ட்ரோனில் இரண்டு தொடர்புகள் இருக்கும். ஒன்று, உங்கள் கையில் உள்ள ரிமோட். இரண்டாவது, உயரம், வேகம், பேட்டரி அளவு, இருக்கும் இடம் ஆகிய தகவல்களை மடிக்கணினிக்கு அனுப்பும் டெலிமெட்ரி. இரண்டுமே ரேடியோ அலையில் நேரடியாகப் போய்வருவதால் நடுவில் மரமோ கட்டடமோ வந்தால் தடுமாறும்.

4ஜி மோடம் பொருத்தினால் டெலிமெட்ரி தகவல் செல்போன் கோபுரம் வழியாக இணையத்துக்குப் போய், அங்கிருந்து உங்கள் கணினிக்கு வந்து சேரும். இதை இரண்டாவது பாதையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "சிம்தான் இருக்கே" என்று ரிமோட்டை ஓரங்கட்டிவிடக் கூடாது.

என்னென்ன தேவை?

• பிக்ஸ்ஹாக் போன்ற பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை. அதில் ஆர்டுபைலட் அல்லது பிஎக்ஸ்4 மென்பொருள்.
• ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய கணினி.
• 4ஜி யு.எஸ்.பி. மோடம், டேட்டா வசதியுள்ள சிம்.
• 5 வோல்ட் தரும் தனி மின்மாற்றி. கடையில் 'பெக்' என்று கேட்டால் தருவார்கள்.
• தரையில் மிஷன் பிளானர் அல்லது கியூ கிரவுண்ட் கன்ட்ரோல் நிறுவிய மடிக்கணினி.

பொருத்தும் முறை

1. முதலில் இறக்கைகளைக் கழற்றி வையுங்கள். மேசையில் வைத்துச் செய்யும் எந்தச் சோதனையிலும் இறக்கை இருக்கக் கூடாது. மோட்டார் தவறிச் சுற்றினால் விரல் போய்விடும்.

2. சிம்மை முதலில் செல்போனில் போட்டு இணையம் வருகிறதா என்று பாருங்கள். பின்கோடு கேட்கும் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். வானத்தில் இருக்கும் மோடத்துக்கு யாரும் பின்கோடு அடிக்க முடியாது.

3. மோடத்தைச் சிறிய கணினியில் செருகி, உங்கள் நிறுவனத்துக்குரிய ஏ.பி.என். பெயரைக் கொடுங்கள். மின்சாரம் வந்தவுடன் தானாக இணையத்தில் சேரும்படி அமைத்துவிடுங்கள்.

4. பறப்புப் பலகையின் 'டெலிம் 2' துளையையும் சிறிய கணினியின் சீரியல் ஊசிகளையும் இணையுங்கள். ஒன்றின் அனுப்பும் கம்பி மற்றொன்றின் பெறும் கம்பிக்குப் போக வேண்டும், தரைக்கம்பி தரைக்கம்பிக்கே. இரண்டு பக்கமும் பாட் வேகம் ஒன்றாக இருக்கட்டும். நெறிமுறையாக மேவ்லிங்க் 2 என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

5. சிறிய கணினிக்கும் மோடத்துக்கும் மின்சாரத்தைத் தனி மின்மாற்றியில் இருந்து கொடுங்கள். சிக்னல் குறையும் இடத்தில் மோடம் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும். 'டெலிம்' துளையில் இருந்து எடுத்தால் அது தாங்காது.

6. மோடத்தின் ஆன்டெனாவை ஜி.பி.எஸ். கருவியில் இருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள். மோடத்தை அணைத்தும் போட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் இடத்தை மாற்றுங்கள்.

7. சிறிய கணினியையும் தரையில் உள்ள மடிக்கணினியையும் வி.பி.என். மூலம் ஒரே வலைப்பின்னலில் சேருங்கள். வயர்கார்டு, ஜீரோடயர் போன்றவை இதற்குப் பயன்படும். பிறகு மேவ்லிங்க் ரௌட்டர் அல்லது மேவ்பிராக்ஸி மென்பொருள் வழியாகத் தகவலை மடிக்கணினியின் 14550 என்ற யு.டி.பி. போர்ட்டுக்கு அனுப்புங்கள்.

"வி.பி.என். இல்லாம செய்ய முடியாதா?" என்று கேட்கலாம். செல்போன் நிறுவனங்கள் பொதுவாகப் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அதனால் வெளியில் இருந்து உங்கள் சிம்மை நேரடியாகத் தொடர்புகொள்ள முடியாது. இன்னொரு காரணம் அதைவிட முக்கியமானது. மேவ்லிங்க் வழக்கமான அமைப்பில் கடவுச்சொல் கேட்காது. போர்ட்டைப் பொது இணையத்தில் திறந்து வைத்தால், அதைக் கண்டுபிடிக்கும் எவரும் உங்கள் ட்ரோனுக்குக் கட்டளை கொடுக்கலாம். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது போலத்தான் அது.

டேட்டா எவ்வளவு ஆகும்? டெலிமெட்ரிக்கு மிகக் குறைவு. வீடியோதான் இழுக்கும். நொடிக்கு 2 மெகாபிட் அளவில் 20 நிமிடம் அனுப்பினால் சுமார் 300 எம்.பி. செலவாகும். வீடியோ சற்றுத் தாமதமாகத்தான் வரும். அதைப் பார்த்துக்கொண்டு கையால் ஓட்டக் கூடாது.

உயரத்தில் சிக்னல் ஏன் தடுமாறுகிறது?

"தரையில் நாலு கோடு சிக்னல் காட்டுது, மேலே போனா இன்னும் நல்லா வரும்தானே?" என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. தெருவிளக்கு கீழே பார்த்துத்தான் வெளிச்சம் போடுகிறது. கம்பத்துக்கு மேலே போனால் வெளிச்சம் குறைவு. செல்போன் கோபுரத்தின் ஆன்டெனாவும் மக்கள் நடமாடும் தரையைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டதுதான். மேலே போகும் ட்ரோனுக்கு மிச்சம் சிதறும் அலைதான் கிடைக்கும்.

அதோடு, மேலே மறைப்பு எதுவும் இல்லாததால் மோடத்துக்கு ஒரே நேரத்தில் பல கோபுரங்கள் தெரியும். திருவிழாவில் நான்கு பக்கமும் ஒலிபெருக்கி பாடினால் எதுவும் புரியாதது போல, அலைகள் ஒன்றோடு ஒன்று மோதும். மோடம் ஒரு கோபுரத்தை விட்டு இன்னொன்றுக்கு அடிக்கடி மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் தகவல் நொடிப்பொழுது நின்று வரலாம்.

கூட்டம் கூடும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். தேர்த் திருவிழா அன்று நம் போனிலேயே அழைப்பு கிடைப்பதில்லை. அதே கோபுரத்தை நம்பி, அதே கூட்டத்தின் தலைக்கு மேலே ட்ரோனை நிறுத்துவது ஆபத்து.

தொடர்பு அறுந்தால்?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

தொடர்பு போனால் ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்கு ஃபெயில்சேஃப் என்று பெயர். ரிமோட் தொடர்புக்கு ஒன்று, தரைக் கணினித் தொடர்புக்கு ஒன்று என இரண்டு உண்டு. ஆர்டுபைலட்டின் மல்டிகாப்டர் மென்பொருளில், தரைக் கணினிக்கான ஃபெயில்சேஃப் ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். நீங்கள்தான் போட வேண்டும். சிம் பொருத்தியவர்கள் மறக்கக் கூடாத இடம் இதுதான்.

அடுத்தது திரும்பும் உயரம். அதே மென்பொருளில் இது ஆரம்பத்தில் 15 மீட்டர். நம்ம ஊர் நெட்டைத் தென்னை 20 மீட்டருக்கு மேல் வளரும்! அமைப்பை மாற்றாமல் விட்டால், பத்திரமாகத் திரும்ப வேண்டிய ட்ரோன் நேராகப் போய்த் தென்னையில் மோதும். கீழே களை எடுப்பவர்கள் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் உள்ள மரம், கோபுரம், உயர் அழுத்த மின்கம்பி இவற்றைப் பார்த்து, அவற்றைவிட உயரமாகவும், அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குள்ளும் அமையுங்கள்.

பிறகு சோதனை. இறக்கை இல்லாமல் தரையில் வைத்து மோடத்தைப் பிடுங்கிப் பாருங்கள். கணினித் திரையில் எச்சரிக்கை வருகிறதா? அடுத்து, ஆள் இல்லாத திறந்தவெளியில் கண்ணெதிரே பறக்கவிட்டு, மடிக்கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். ட்ரோன் தானாகத் திரும்புகிறதா? ரிமோட்டில் பயன்முறையை மாற்றினால் உங்கள் கைக்கு வருகிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால்தான் வேலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

விதிகள் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021 நடைமுறையில் உள்ளன.

• எடை: 250 கிராம் வரை நேனோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறிய வகை. உங்கள் ட்ரோன் 1,950 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மோடமும் கணினியும் சேர்ந்து 100 கிராம் கூடினால் சிறிய வகைக்கு மாறிவிடும். மைக்ரோவைச் சொந்த உபயோகத்துக்கு இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. சிறிய வகைக்குத் தேவை. ஆகவே, பொருத்திய பிறகு எடை போட்டுப் பாருங்கள்.
• உயரம்: பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. விமான நிலையத்தில் இருந்து 8 முதல் 12 கி.மீ. வரையிலான பகுதியில் 200 அடி வரை மட்டுமே. பறக்கும் முன் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள்.
• பதிவு: ட்ரோனுக்குத் தனி அடையாள எண் பெற வேண்டும். நேனோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும்.
• வகைச் சான்று: சான்று பெற்ற விவசாய ட்ரோனில் நீங்களாக எதையும் மாட்டாதீர்கள். தயாரிப்பாளரிடம் கேட்டே செய்யுங்கள்.
• பார்வைத் தூரம்: ட்ரோன் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாதில் மருந்துகளை ட்ரோனில் அனுப்பிய திட்டம்கூட மத்திய அரசின் தனி விலக்கு பெற்றே நடந்தது.
• விபத்து: நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விதி மீறலுக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம் உண்டு.

ரிமோட் பைலட் பயிற்சிக்கு 10-ஆம் வகுப்புத் தேர்ச்சியும் 18 முதல் 65 வரையிலான வயதும் போதும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் மட்டும் சேருங்கள்.

சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும்

யாரோ வாங்கித் தந்த சிம்மை ட்ரோனில் போடாதீர்கள். ட்ரோன் எங்காவது விழுந்து அதனால் பிரச்சினை வந்தால், விசாரணை சிம்மின் உரிமையாளரிடம்தான் முதலில் போகும். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மோடத்தின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் சிம் எண்ணையும் குறித்து வையுங்கள். ட்ரோன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, உடனே சிம்மை முடக்கச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் ஐந்து கேள்விகள்

1. ரிமோட் தொடர்பு தனியாக வேலை செய்கிறதா?
2. இரண்டு ஃபெயில்சேஃபும் போடப்பட்டுள்ளதா?
3. திரும்பும் உயரம் இந்த இடத்து மரங்களுக்கு மேல் உள்ளதா?
4. பச்சை மண்டலமா?
5. கீழே ஆட்கள் இல்லையே?

ஒன்றுக்குத் திருப்தியான பதில் இல்லை என்றாலும் அன்றைக்குப் பறக்க வேண்டாம். வேலையை நாளைக்குச் செய்துகொள்ளலாம்.