பூட்ஸுக்கு வயதாவது கண்ணுக்குத் தெரியாது

பனி பெய்யும் நாடுகளில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது, நிலவறையிலிருந்தோ கார் கொட்டகையிலிருந்தோ முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய பனிச்சறுக்குச் சாமான்கள் எப்படியும் வெளியே வரும். ஆளுயரத்தைத் தாண்டிய இரண்டு பலகைகள், அவற்றின் நடுவே திருகியிருக்கும் ‘பைண்டிங்’ என்னும் பிடிப்பான்கள், கனத்த பிளாஸ்டிக் பூட்ஸ், இரண்டு ஊன்றுகோல்கள், ஒரு டப்பாவில் மெழுகு. வாங்கிய காலத்தில் நல்ல விலை கொடுத்திருப்பார்கள். தூசி தட்டித் துடைத்தால் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கும். மாட்டிக்கொண்டு மலைக்குப் போகலாமா, யாருக்காவது கொடுத்துவிடலாமா, தூக்கிப் போடுவதா என்று வீட்டில் பேச்சு எழும்.

மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. இந்தச் சாமான்கள் ஒரே வேகத்தில் கிழடு தட்டுவதில்லை. மரத்துக்கு ஒரு கணக்கு, எஃகுக்கு ஒரு கணக்கு, பிளாஸ்டிக்குக்கு முற்றிலும் வேறு கணக்கு. இவற்றில் கண்ணை அதிகம் ஏமாற்றுவது பூட்ஸ்தான்.

1960கள் வரை சறுக்கு பூட்ஸ் தோலில்தான் தைக்கப்பட்டது. அமெரிக்காவில் பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மலைச்சரிவுகளிலிருந்து தோல் காணாமல் போனது. இன்று பெரும்பாலான பூட்ஸின் கெட்டியான வெளிக்கூடு பாலியூரித்தேன் வகைப் பிளாஸ்டிக். நீண்ட சங்கிலிகளாக அமைந்த மூலக்கூறுகள் அதற்கு உறுதியையும் வளையும் தன்மையையும் ஒருசேரத் தருகின்றன. அந்தச் சங்கிலியில் எஸ்டர் எனப்படும் இணைப்புகள் இருந்தால், தண்ணீர் அவற்றை வெட்டிவிடும். இந்த நீராற்பகுப்பு நடக்க பூட்ஸைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈரப்பதமே போதும். ஒவ்வொரு வெட்டிலும் ஓர் அமில முனை பிறக்கிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை விரைவுபடுத்துகிறது. அதனால் பல வருடங்களுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருந்து, கடைசியில் மளமளவென்று எல்லாம் முடிந்துவிடும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். கொதிகலன் ஓடும், ஈரம் கோத்த நிலவறை இதற்கு மிக மோசமான இடம்.

நம் ஊரில் கல்யாணம் காட்சிக்கென்று பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம், நான்கைந்து வருடம் கழித்துப் போட்டு நடந்ததும் பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் பார்த்திருப்போம். அதுவும் இதே வேதிவினைதான். போடாமல் வைத்தால் புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கை இந்தப் பிளாஸ்டிக்கிடம் செல்லாது.

ஷூ உதிர்ந்தால் வெட்கத்தோடு போகும். சறுக்கு பூட்ஸ் உடைவது வேறு. வெளிக்கூட்டின் பளபளப்புக்கும் உள்ளே சங்கிலிகள் எவ்வளவு நீளமாக மிஞ்சியிருக்கின்றன என்பதற்கும் சம்பந்தமே இல்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். உறைகுளிரில் அது இன்னும் விறைக்கும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது உடம்பின் எடையைப் போல் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ விசை அதன்மேல் ஏறும். குதிகால் பக்கம் ஒரு துண்டு பிளந்துபோகும். அந்தக் காலில் பலகை இருக்காது. வேகம் மட்டும் இருக்கும். ஈத்தர் இணைப்புள்ள பாலியூரித்தேன் தண்ணீரை நன்றாகவே தாங்கும் என்பது உண்மை. ஆனால் கையிலிருக்கும் பூட்ஸ் எந்த வகை என்று பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இருபது வயது தாண்டிய பூட்ஸை, எவ்வளவு அழகாக இருந்தாலும், யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்தது பைண்டிங். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளைச் செய்யும் கருவி அது. ஓடும்போது பூட்ஸைப் பலகையோடு விடாமல் பிடிக்க வேண்டும். விழும்போது எலும்பு முறிவதற்குள் விட்டுவிட வேண்டும். ஆரம்பத்தில் பிடிக்க மட்டுமே தெரிந்திருந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் குடியேறிய யால்மர் வாம் என்ற சறுக்கு வீரர் 1937இல் காலை முறித்துக்கொண்டார். சிகிச்சைக்குக் கொடுத்த ஈத்தர் மயக்கம் தெளியும்போதே, முன்பாதத்தைத் தானாக விடுவிக்கும் பிடிப்பானின் யோசனை அவருக்குத் தோன்றியது. 1939இல் அதை விற்பனைக்கும் கொண்டுவந்தார். இன்றைய பைண்டிங் எல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள்.

பைண்டிங்கின் சின்ன ஜன்னலில் தெரியும் எண், ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும். சறுக்குபவரின் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் விதம் ஆகியவற்றை வைத்து அந்த எண்ணைத் தீர்மானிக்கிறார்கள். நடுத்தர உடல்வாகுள்ள ஒருவருக்குப் பக்கவாட்டு முறுக்கில் ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர் வந்ததும் பைண்டிங் திறந்துவிட வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு அதற்கு மேலும் தாங்கும். அந்த இடைவெளிதான் நமக்குள்ள பாதுகாப்பு.

நல்ல எஃகு ஸ்பிரிங் நாற்பது வருடத்தில் பெரிதாகத் தளர்ந்துவிடாது. கெடுவது அதைச் சுற்றியுள்ளவை. கிரீஸ் காய்ந்து பிசினாகிறது. உள்ளே துரு ஏறுகிறது. முன்பாதத்துக்கு அடியில் வழுக்குவதற்காக வைத்த பட்டை தேய்ந்து சொரசொரப்பாகிறது. ஜன்னல் 6 என்று காட்டும். உண்மையில் எந்த முறுக்கில் திறக்கும் என்பதை அளவுக் கருவியில் பூட்டிப் பார்த்தால்தான் தெரியும். பூட்ஸ் அடிப்பாகத்தின் வடிவமும் இடையில் மாறியிருக்கிறது. நடப்பதற்கு வசதியாக வளைந்த ரப்பர் அடி கொண்ட இன்றைய பூட்ஸ் பழைய பைண்டிங்கில் சரியாகப் பொருந்தாது. பொருந்தியதுபோல் தெரிந்தாலும் திறக்க வேண்டிய நேரத்தில் சிக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் எந்தெந்த பைண்டிங்குகளுக்குத் தாங்கள் இன்னும் பொறுப்பேற்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் வருடாவருடம் பட்டியல் தருகிறார்கள். பட்டியலிலிருந்து விழுந்துபோனதைக் கடைக்காரர்கள் பொதுவாகத் தொடமாட்டார்கள். வியாபாரத் தந்திரம் என்று கோபப்படுகிறவர்கள், வெர்மான்ட் மாநிலத்தின் சுகர்புஷ் மலையில் 1972இல் தொடங்கிய காய ஆய்வைப் பார்க்க வேண்டும். பைண்டிங்கும் பூட்ஸும் மேம்பட மேம்பட, கீழ்க்கால் எலும்பு முறிவுகள் பெருமளவு குறைந்ததை எட்லிங்கர், ஜான்சன், ஷீலி ஆகிய மூவரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தார்கள். முழங்கால் தசைநார்க் கிழிசலை மட்டும் பைண்டிங்கால் அந்த அளவுக்குத் தடுக்க முடியவில்லை.

பலகைக்கு வருவோம். இங்கே செய்தி நல்லது. அடிப்பரப்பில் இருப்பது பாலித்தீன்தான், ஆனால் மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. தண்ணீர் அதை ஒன்றும் செய்வதில்லை. வெளுத்துக் காய்ந்திருந்தால் சுரண்டி மெழுகு ஏற்றலாம். எஃகு விளிம்பின் மேல்துரு அரத்துக்குப் போய்விடும். இரண்டு பலகைகளையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். அந்த வில்வளைவு இருந்தால் உள்ளே இருக்கும் மரத்துக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். ஓரத்தில் அடுக்குகள் பிரிந்து, நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தால் அதோடு முடிந்தது.

ஆனால் நன்றாக இருக்கும் பழைய பலகையும் இன்றைய பலகையைப் போல் திரும்பாது. ஒரு அளவுநாடா இருந்தால் இதை வீட்டிலேயே கணக்கிடலாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் மிக அகலமான இடத்தையும், நடுவில் மிகக் குறுகிய இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். 1980களின் பலகையில் 88, 78, 68 மில்லிமீட்டர் என்ற மாதிரி இருக்கும். முன்பின் அகலங்களைக் கூட்டி, நடு அகலத்தின் இருமடங்கைக் கழித்து, நான்கால் வகுத்தால் இடுப்பின் ஆழம்: 7.5 மில்லிமீட்டர். அகலமான இரண்டு இடங்களுக்கும் நடுவிலுள்ள தூரம் 1.8 மீட்டர் என்றால், அதன் வர்க்கத்தை ஆழத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 54 மீட்டர் வருகிறது. அந்த விளிம்பு, அத்தனை ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. பலகையைச் சாய்த்தால் வட்டம் சுருங்கும். ஆனாலும் பழைய ஆட்கள் திரும்புவதற்குக் குதிகாலைத் தள்ளி வழுக்க வேண்டியிருந்தது இதனால்தான். 1990களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் ஏலான் நிறுவனத்தில் யூரி ஃபிராங்கோவும் பாவெல் ஷ்கோஃபிட்சும் இடுப்பின் ஆழத்தைச் சுமார் 22 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோனார்கள். அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 18 மீட்டருக்குச் சுருங்குகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் மரத்தைக் கூடுதலாகக் குடைந்ததில் ஒரு விளையாட்டே மாறிப்போனது என்பது எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மரம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு நார்வேயின் டிகெர்வார்டன் மலையில் சான்று கிடைத்தது. உருகும் பனித்திட்டிலிருந்து 2014இல் ஒரு பலகை வெளிப்பட்டது. 2021இல் அதற்குச் சில மீட்டர் தள்ளி அதன் ஜோடி கிடைத்தது. இரண்டும் ஏறக்குறைய 1,300 வருடம் பழையவை, கால் கட்டிய பகுதி உட்பட. ஒட்டுப்போட்டுப் பழுதுபார்த்துப் பயன்படுத்திய தடயமும் இருந்தது. குளிரும் இருட்டும் சேர்ந்து காத்த காலம் அது. 1940களுக்கு முந்தைய, முழுக்க மரத்தாலான பலகைகள் உங்களிடம் இருந்தால் வார்னிஷ் அடிக்காதீர்கள், புதுத் துளை போடாதீர்கள். சூடும் ஈரமும் ஏறி இறங்காத இடத்தில் படுக்கவைத்து, யாருடையவை, எந்த ஊர் என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டிவையுங்கள்.

அதற்குப் பின்னால் வந்தவற்றின் கதி அவ்வளவு எளிதல்ல. விமானப் பொறியாளரான ஹோவர்ட் ஹெட் 1950இல் மரத்தின் இரு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகையை வெற்றிகரமாகச் செய்தார். பிறகு கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் வந்தன. எந்தப் பனியிலும் பிரியாத ஒட்டு வேண்டும் என்று பாடுபட்டார்கள், கிடைத்தது. அதே ஒட்டுதான் மறுசுழற்சிக்குத் தடை. ஆகவே பெரும்பாலானவை எரியுலைக்கோ குப்பைமேட்டுக்கோ போகின்றன. நாற்காலி, வேலி, பெஞ்ச் என்று மாற்றுவதை நான் மனதார ஆதரிக்கிறேன். அறுக்கும்போது கண்ணாடி இழைத் தூள் பறக்கும். முகமூடி போட்டு, திறந்தவெளியில் அறுங்கள்.

மெழுகு டப்பாவை மறந்துவிடாதீர்கள். 1980களின் நடுவிலிருந்து விற்ற விலையுயர்ந்த மெழுகுகளில் ஃபுளோரின் சேர்மங்கள் இருந்தன. சூடான இஸ்திரியால் அவற்றைத் தேய்த்துவந்த தொழில்நுட்பர்களின் ரத்தத்தில் அந்தச் சேர்மங்கள் மிக அதிகமாக இருந்ததை ஸ்வீடன், நார்வே ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 2023–24 பருவத்திலிருந்து உலகப் போட்டிகளில் இவற்றுக்கு முழுத் தடை. டப்பாவின் மேல் ‘ஃபுளோரோ’ என்ற சொல் தென்பட்டால் சூடாக்காமல், கழுவாமல், மூடியபடியே உள்ளூர் ஆபத்தான கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.