கடைசல் யந்திரத்திற்கு மாற்று மோட்டார் தெரிந்தெடுத்தல்

செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த கிராமங்களில் கிணற்று நீரை நம்பிய வயல்கள் பல. பம்பின் தண்டோ புஷ்ஷோ தேய்ந்தால் குடியானவர் நாடுவது கடைசல் பட்டறையையே. அப்பட்டறையின் மோட்டார் எரிந்துபோனால் தொழிலாளியின் கூலி நிற்பதோடு வயலுக்குப் பாயும் தண்ணீரும் நிற்கும். ஆதலால் கையில் அகப்பட்ட மோட்டாரை அவசரமாகப் பூட்டிவிடுவது சகஜம். அதனால் விளையும் நஷ்டமோ பெரிது.

பலர் குதிரைச் சக்தி ஒன்றையே கேட்டு வாங்குகின்றனர். அது போதாது. முதலில் கவனிக்கத்தக்கது சுற்று வேகம். 50 சைக்கிள் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1,440 தடவையும், இரு துருவ மோட்டார் சுமார் 2,880 தடவையும் சுழலும். முன்னதன் இடத்தில் பின்னதைப் பழைய கப்பியுடனேயே பூட்டினால் சக் இரட்டிப்பு வேகங் கொள்ளும். பிடித்த இரும்பு தெறித்து உயிருக்கே அபாயம் நேரலாம். வேகம் வேறுபட்டால் கப்பியை மாற்றுதல் அவசியம். மோட்டார் வேகத்தை அதன் கப்பியின் விட்டத்தால் பெருக்கி, யந்திரக் கப்பியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 1,440 சுற்று மோட்டாரில் 3 அங்குலக் கப்பியும் யந்திரத்தில் 9 அங்குலக் கப்பியும் இருந்தால் யந்திர வேகம் 480 சுற்று.

இரண்டாவது, மின்சாரத்தின் வகை. பட்டறைக்கு ஒற்றை பேஸ் இணைப்பு மட்டுமே இருப்பின் மூன்று பேஸ் மோட்டாரை நேராக இணைத்து ஓட்ட இயலாது. ஒற்றை பேஸில், கெப்பாஸிடரால் கிளம்பும் வகையே பளுவுடன் புறப்படத் தக்கது.

மூன்றாவது, வோல்ட் அளவு. மோட்டாரின் முறுக்குப் பலம் வோல்ட்டின் வர்க்கத்தை ஒட்டிக் குறையும். 230 வோல்ட் 184 ஆகத் தாழ்ந்தால் பலம் நூற்றுக்கு 64 பங்கே நிற்கும். மோட்டார் திணறிச் சூடேறும். இக்குறையைப் பெரிய மோட்டார் வாங்கித் தீர்க்க முயல்வதைவிட, கம்பியின் கனத்தையும் இணைப்புகளையும் சீர்செய்தலே நலம்.

நான்காவது, தண்டின் விட்டம், சாவிக் காடி, பாதத்திலிருந்து தண்டின் மையம் வரையுள்ள உயரம் ஆகிய அளவுகள். 1937-ல் ஜி. டி. நாயுடு முதலியோர் முயற்சியால் உள்நாட்டு மோட்டார் உருவான கோயம்புத்தூரிலிருந்து இன்று வருபவை மில்லிமீட்டர் அளவின. பழைய சீமை மோட்டார்களோ அங்குல அளவின. ஆகவே பழைய கப்பியை அளந்து பாராமல் வாங்கலாகாது.

இவை யாவற்றிற்கும் முன், பழையது எரிந்த காரணத்தை அறிதல் வேண்டும். வாரைக் கழற்றி யந்திரத்தைக் கையாற் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் குற்றம் பேரிங்கில் உள்ளது. அதனை நீக்காமலும், மிகுபளுவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேயை வைக்காமலும் பூட்டிய புது மோட்டார், பழையதன் கதியையே அடையும்.