ஷூவைக் கழற்றினேன்... சம்பளம் போச்சு!

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சேஃப்டி ஷூவைக் கழற்றினால், என் பாதங்களைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். எட்டு மணி நேரம் உள்ளே வெந்து, ஊறிப்போன அப்பளம் மாதிரி!

அந்த நேரம் பார்த்துத்தான் அபிபி பிகிலாவைப் பற்றிப் படித்துத் தொலைத்தேன். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்ற எத்தியோப்பிய வீரர். 'நமக்கும் அதே ரெண்டு கால்தானே?' மறுநாள் காலை ஏரிக்கரையில் மூன்று கிலோமீட்டர் ஓடினேன்.

அதற்கடுத்த நாள் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. "என்னா சார், நண்டு மாதிரி ஏர்றீங்க?" என்றார் கம்பெனி பஸ் டிரைவர். இரண்டு நாள் லீவு. நான் கான்ட்ராக்ட் ஆசாமி... சம்பளமும் கட்!

பிசியோதெரபிஸ்ட் சிரித்தார். "தம்பி, இருபது வருஷமா ஷூவுக்குள்ள தூங்கின காலை ஒரே நாள்ல எழுப்பினா கத்தாதா?"

ஷூ போட்டவர்கள் பெரும்பாலும் குதிகாலை முதலில் ஊன்றுகிறோம். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தை ஊன்றுவதால் அதிர்ச்சி குறைகிறது என்று 2010-ல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு காட்டியது. ஆனால், அந்தப் பாரம் கெண்டைக்காலுக்கும் பாத எலும்புக்கும் போகிறது. 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மெல்லிய காலணிக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பத்தே வாரத்தில் பாத எலும்புக்குள் வீக்கம் கூடியிருந்தது!

அவர் சொன்ன வழி இது. முதல் இரண்டு வாரம் வெறுங்காலில் நடை மட்டும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து நிமிட ஓட்டம். சின்னச் சின்ன அடி. முன்பாதம் ஊன்றியதும் குதிகாலும் மெதுவாகத் தரையைத் தொடட்டும். பாதத்தின் மேல்பக்கம் வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. டி.டி. ஊசி பாக்கியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். லாரிகள் போகும் சர்வீஸ் ரோடு வேண்டவே வேண்டாம். ஆணி, கண்ணாடி, இரும்புச் சீவல் எல்லாம் அங்கேதான். மத்தியான தார் ரோடும் ஆகாது.

நான்கு மாதமாயிற்று. இப்போது ஒரு கிலோமீட்டர், வலியில்லாமல்! ஃபேக்டரிக்குள் மட்டும் சேஃப்டி ஷூ கழலாது.

அம்மாவுக்குத்தான் ஆச்சரியம். "வல்லக்கோட்டை முருகன் கோயில்ல மூணு சுத்து சுத்தச் சொன்னா கால் வலிக்குதும்பே. அதைச் சொல்ல ஒரு டாக்டர், அதுக்கு ஃபீஸு வேறயா?"

பிகிலாகூட 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டுதான் ஜெயித்தார் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை!