வீடு கட்ட சர்க்கார் உதவி: யாருக்குக் கிடைக்கும்?

வீடு கட்ட சர்க்கார் பணம் தருகிறது. எல்லோருக்கும் அல்ல. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

நகரவாசிகளுக்காக "பிரதமர் வீட்டு வசதித் திட்டம்" 2015-ம் ஆண்டு தொடங்கியது. அதன் இரண்டாவது கட்டம் 2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆரம்பமாயிற்று. அதில் குடும்பங்களை 3 வகையாகப் பிரித்து இருக்கிறார்கள்.

ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை இருந்தால், "நலிந்த பிரிவினர்."

அதற்கு மேல் ரூ.6 லட்சம் வரை, "குறைந்த வருமானத்தினர்."

அதற்கும் மேல் ரூ.9 லட்சம் வரை, "நடுத்தர வருமானத்தினர்."

"3 லட்சமா! அவ்வளவு பணத்தை நாங்கள் எங்கே பார்த்தோம்?" என்று மலைக்க வேண்டாம். மாதக் கணக்கில் பார்த்தால் அது 25 ஆயிரம்தான்.

இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள். கணவன் சம்பளத்தை மட்டும் சொன்னால் போதாது. மனைவி சம்பாதிப்பதும் கணக்கில் சேரும்.

தையல் கூலி

இங்கேதான் சிக்கல் வருகிறது. ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். கணவன் லாரி டிரைவர். மாதம் 20 ஆயிரம் ரூபாய் சம்பளம். ஆண்டுக்கு ரூ.2 லட்சத்து 40 ஆயிரம். சொந்தமாகச் சிறிய மனை இருக்கிறது. அதில் ஒரு குடிசை போட்டு இருக்கிறார்கள். இவர்கள் நலிந்த பிரிவினர்.

பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக மனைவி துணி தைத்துக் கொடுக்கத் தொடங்குகிறார். மாதம் 6 ஆயிரம் வருகிறது. இரண்டையும் கூட்டினால் ஆண்டுக்கு ரூ.3 லட்சத்து 12 ஆயிரம். எல்லையைத் தாண்டியாயிற்று!

தாண்டினால் என்ன நஷ்டம்?

சொந்த மனையில் வீடு கட்டும் நலிந்த பிரிவினருக்கு மத்திய சர்க்கார் ரூ.1½ லட்சம் தருகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மாநில சர்க்காரும் குறைந்தது ரூ.1 லட்சம் சேர்த்துத் தர வேண்டும். இது கடன் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டியது இல்லை. ஆனால், மற்ற 2 வகையினருக்கு இந்தப் பணம் கிடையாது.

ஆண்டுக்கு 12 ஆயிரம் அதிகம் சம்பாதித்த குடும்பத்துக்கு 2½ லட்சம் போயிற்று!

ஒரு வழி மட்டும் திறந்து இருக்கிறது. பாங்கியில் கடன் வாங்கினால், முதல் 8 லட்சம் ரூபாய்க்கு 4 சதவீதம் வட்டி மானியம் உண்டு. மொத்தம் ரூ.1 லட்சத்து 80 ஆயிரம் வரை, 5 ஆண்டுத் தவணைகளில் கிடைக்கும். கடன் 25 லட்சத்துக்கும், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்கும் மேற்படக் கூடாது.

ஆனால், முதலில் பாங்கி கடன் கொடுக்க வேண்டுமே! சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்பார்கள். தையல் கூலிக்குச் சீட்டு ஏது?

அசையாத எல்லை

2015-ம் ஆண்டில் ரூ.3 லட்சம் என்று வைத்தார்கள். 2024-ம் ஆண்டில் புதுத் திட்டம் வந்தபோதும் அதே 3 லட்சம்தான். இந்த 9 ஆண்டுகளில் கொத்தனார் கூலி அப்படியே நின்றதா, என்ன?

எல்லையை உயர்த்தவே முடியாது என்றும் சொல்வதற்கு இல்லை. மும்பை வட்டாரத்துக்கு மட்டும் 2023-ம் ஆண்டில் அதை ரூ.6 லட்சமாக உயர்த்தினார்கள். மும்பையில் வீட்டு விலை அதிகம் என்பது உண்மைதான். மற்ற நகரங்களில் மட்டும் மனை சும்மா கிடைக்கிறதா?

மனுப் போடுகிறவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் எந்த ஊரிலும் குடும்பத்தில் யார் பெயரிலும் கல் வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் வேறு எந்த சர்க்கார் வீட்டுத் திட்டத்திலும் உதவி பெற்று இருக்கக் கூடாது. கட்டும் வீட்டைக் குடும்பத் தலைவியின் பெயரிலோ, கணவன்-மனைவி இருவர் பெயரிலுமோ பதிவு செய்ய வேண்டும்.