எந்தப் படியால் அளப்பது?



ஒடுகத்தூர் சந்தைக்குப் போகாதவங்க நம்மில் யாரும் இல்லை. சாமையைப் படியால் அளக்கிறோம். புளியைத் தராசில் நிறுக்கிறோம். ஆட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்து விலை பேசுகிறோம். ஆட்டைப் படியால் அளக்கப் போனால் ஊரே சிரிக்கும். ஆனால் பெண்களின் முன்னேற்றத்தை மட்டும் ஒரே படியால் அளக்கிறோம். "அவ மெத்தை வீடு கட்டிட்டா, நீ என்ன பண்ணே?" "அவளுக்கு லட்ச ரூபாய் கடன் கிடைச்சுது, உனக்கு?"

இந்தப் பேச்சுக்குக் கூச்சப்பட்டுத் தேவைக்கு மேல் கடன் வாங்கினால் என்ன ஆகும்? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், வாரத் தவணைக்குக் காதுத் தோடு அடகு. வாங்கிய கடனின் அளவு வெற்றி ஆகாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவங்க சும்மா சொல்லவில்லை.

கண்ணுக்குத் தெரியாத வெற்றி

ஒரு சகோதரிக்கு வெளியில் 10,000 ரூபாய் கடன் இருக்கிறது என்று வையுங்கள். நூத்துக்கு 5 ரூபாய் வட்டி. மாதம் 500 ரூபாய், வருஷத்துக்கு 6,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. குழுவில் குறைந்த வட்டிக்கு உள்கடன் வாங்கி அதை அடைக்கிறார். வீட்டுக்குப் புதுப் பொருள் எதுவும் வரவில்லை. ஊருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வட்டிக்குப் போன பணத்தில் பெரும் பங்கு இனி அவர் கையில் நிற்கும். இது வெற்றி இல்லையா?

மலைமேல் இருக்கும் ஒரு தாய்க்கு, மகளை விடுதியில் சேர்த்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நிறுத்தாமல் படிக்க வைப்பதே வெற்றி. இன்னொருவருக்கு, விளைந்த சாமைக்குத் தானே விலை பேசுவது வெற்றி. வேறொருவருக்கு, வங்கியில் கைரேகை வைக்காமல் கையெழுத்துப் போடுவது வெற்றி.

சின்னப்பிள்ளை அம்மா

மதுரை அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர் சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. கூலிப் பெண்களுக்காக நிலக்காரர்களிடம் கூலி பேசினார். களஞ்சியம் சேமிப்புக் குழுக்களில் பெண்களைச் சேர்த்துத் தலைவியாக உயர்ந்தார். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கிய அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும், 2024இல் அவருக்கு வசதியான சொந்த வீடு இல்லை என்ற செய்தி வந்த பிறகுதான் மாநில அரசு வீடு தர முன்வந்தது. வீடு, படிப்பு என்ற படியால் அளந்திருந்தால் அவரைத் தோற்றவர் என்று சொல்லியிருப்போம். வீடு கிடைக்க வேண்டியது அவர் உரிமை. ஆனால் அவர் வெற்றி அதற்கு முன்பே வந்துவிட்டது.

நம்ம படியை நாமே செய்வோம்

1. எனக்கு இப்போ முக்கியமாக வேண்டியது எது? கணவர், மாமியார், பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேளுங்கள். முடிவை நீங்களே எடுங்கள்.

2. அது என் கையில் இருக்கிறதா? மழை நம் கையில் இல்லை. மாதம் 100 ரூபாய் கூடுதலாகச் சேமிப்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

3. அளவும் நாளும் வையுங்கள். "முன்னேறணும்" என்றால் போதாது. "தை மாதத்துக்குள் அடகு வைத்த தோட்டை மீட்பேன்" என்று சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கூட்டத்துக்கு வருவது, சேமிப்பு, கடனைத் தவறாமல் கட்டுவது, கணக்கு எழுதுவது ஆகியவை குழுவுக்குப் பொதுவான படி. "என் இஷ்டம்" என்று அதில் தவறினால் கூட இருக்கும் சகோதரிகள்தான் சுமக்க வேண்டி வரும். குழுவைத் தரம் பிரிப்பது குழுவின் நடைமுறையை அளக்கத்தான். அது தனி ஒரு பெண்ணுக்குப் போடும் மார்க் இல்லை.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

ஒவ்வொருவரும் இந்த வருஷம் தனக்கு எது வெற்றி என்று ஒரே வரியில் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவங்களுக்கு ஊக்குநர் எழுதித் தரலாம். யாரும் யாரையும் "இதுதானா?" என்று கேட்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து அதே வரியைப் படித்துப் பாருங்கள். பாதி தூரம் வந்திருந்தாலும் கை தட்டுங்கள். நின்று போயிருந்தால், ஏன் என்று கேட்டு உதவி செய்யுங்கள். அதற்குத்தானே குழு!