உணர்ச்சி நுண்ணறிவு: வெகுமதி மறைக்கும் விருப்பம்

தன்னை அறிதலும் தன்னை ஆளுதலும் முந்தைய அத்தியாயங்களில் விளக்கப்பட்டன. 1995-இல் வெளியான தம் நூலால் உணர்ச்சி நுண்ணறிவு என்னும் கருத்தைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்த அமெரிக்கரான டேனியல் கோல்மன், அதன் ஐந்து கூறுகளில் மூன்றாவதாக வைப்பது ஊக்கம். ஊதியம், பதவி, புகழ் ஆகியவற்றை எதிர்பாராமல் செயலின்மேல் உள்ள ஈடுபாட்டாலேயே அதைச் செய்வது உள்ளார்ந்த ஊக்கம் எனவும், வெளியிலிருந்து வரும் பயனோ அச்சமோ உந்துவதால் செய்வது புற ஊக்கம் எனவும் உளவியலில் வழங்கப்படுகின்றன.

இவ்விரண்டும் சேர்ந்தால் ஊக்கம் இரட்டிப்பாகும் என்று பெற்றோரும் மேலாளர்களும் இன்றும் நம்பினாலும், 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதைத் தாமாகவே விரும்பிய குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, வரைந்தால் பொன்முத்திரையும் ரிப்பனும் பொருத்திய சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் தரவில்லை. ஓரிரு வாரங்களுக்குப் பின், பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, பரிசு பெறாத குழந்தைகள் அந்நேரத்தில் ஏறத்தாழ 17 விழுக்காட்டையும், எதிர்பாராமல் பெற்றவர்கள் 18 விழுக்காட்டையும் வரைவதில் செலவிட, முன்னரே வாக்குறுதி பெற்றவர்கள் 9 விழுக்காட்டுக்கும் குறைவாகவே செலவிட்டனர்.

இங்கே கேடு விளைத்தது சான்றிதழ் அன்று, அதைப் பற்றிய முன்னறிவிப்பே என்பது கவனிக்கத்தக்கது. பரிசுக்காக வரைந்த குழந்தை பின்னர் தன் செயலைத் தானே நோக்கி, 'பரிசுக்காகத்தானே வரைந்தோம்' என்று முடிவு செய்து, முன்பிருந்த விருப்பத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஏற்கெனவே போதிய காரணம் உள்ள செயலுக்கு மேலும் ஒரு காரணம் சேர்வதால் நேரும் இவ்விளைவை மிகை நியாயப்படுத்தல் எனலாம். ஆக, இது தன் உணர்ச்சியைத் தானே தவறாகப் படித்தல் ஆகும்.

இதற்கு 2 ஆண்டுகள் முன்பே எட்வர்ட் டெசி வெளியிட்ட சோமா கனசதுரப் புதிர்ச் சோதனையும் ஏறத்தாழ இதையே காட்டியது: பணம் பெற்ற மாணவர்களின் ஆர்வம் பணம் நின்றபின் தளர்ந்தது, வாய்ச்சொல்லால் பாராட்டப்பட்டவர்களிடம் அத்தளர்ச்சி இல்லை. எனினும் இம்முடிவுகள் விரும்பிச் செய்யும் வேலைக்கே பொருந்தும். சலிப்பூட்டும் வேலைக்குக் கூலி தருவதில் இத்தகைய இழப்புக்கு இடமில்லை. (கூலியைக் குறைக்க இவ்வாய்வுகளைத் துணைக்கு அழைக்கும் நிர்வாகங்கள் இதை மறந்துவிடுகின்றன.)

2002-இல் ரிச்சர்ட் போயாட்ஸிஸ், ஆனி மெக்கீ ஆகியோருடன் எழுதிய நூலில் கோல்மன் கூறுகளை நான்காகச் சுருக்கியபோது, ஊக்கம் தனித்தலைப்பை இழந்து, சாதிக்கும் விழைவு என்ற அளவில் தன்னை ஆளுதலுக்குள் அடங்கிற்று. மேற்கண்ட சோதனைகளைக் கொண்டு பார்த்தால், அதைத் தன்னை அறிதலின்கீழ் வைத்திருப்பதே பொருத்தம்.