பாம்பின் நஞ்சு காட்டிய வழி

குளிர்சாதன வகுப்பறையில் சிலருக்கு விரல்நுனிகள் வெளுத்து, நீலமாகி, வெதுவெதுப்பு வந்ததும் சிவக்கும். பெரும்பாலோருக்கு இதனால் ஆபத்தில்லை. மிகச் சிலருக்கோ இது ‘சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ்’ நோயின் முதல் அறிகுறி.

காயம் ஆறுவதற்குக் கொலாஜன் என்ற புரதம் தேவை. இந்த நோயில் எதிர்ப்பாற்றல் தடம் மாறி, காயமே இல்லாத இடங்களிலும் கொலாஜன் குவிகிறது. தோல் இறுகி, விரல்களை மடக்குவது கடினமாகும். நுரையீரல், குடல், இதயம் வரை பாதிக்கப்படலாம். இது தொற்றுநோய் அன்று.

1970களில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சியது சிறுநீரகப் பாதிப்புக்குத்தான். இரத்தக்குழாய்கள் தடித்து ஒடுங்கும்போது சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. உடலில் இரத்த அழுத்தம் போதவில்லை என்று ‘நினைத்து’ அது ரெனினைச் சுரக்கிறது. அதன் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் குழாய்களை மேலும் சுருக்குகிறது. அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகத்துக்கு வரும் இரத்தமோ இன்னும் குறைகிறது. உடனே மேலும் ரெனின்! இந்தச் சுழலில் சிக்கியவர்களில் ஓராண்டைக் கடந்தவர்கள் மிகச் சிலரே.

தீர்வுக்கான தடயம் பிரேசிலில் கிடைத்தது. அங்குள்ள ஜராராக்கா என்ற குழிவிரியன் கடித்தால் இரத்த அழுத்தம் சரியும். 1960களில் செர்ஜியோ ஃபெரேரா அதன் நஞ்சை ஆராய்ந்தார். ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதியை நஞ்சில் உள்ள ஒரு பொருள் தடுப்பது பின்னர் தெரிந்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு அமெரிக்காவில் ஓண்டெட்டியும் குஷ்மனும் 1975இல் கேப்டோபிரில் மருந்தை உருவாக்கினர். (மாத்திரையில் நஞ்சு இல்லை, பயப்பட வேண்டாம்!) அது சுழலை அறுத்தது. இவ்வகை மருந்து பெற்ற நோயாளிகளில் சுமார் நான்கில் மூவர் ஓராண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்ததை 1990இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே காக்க வேண்டியுள்ளது. விரல்களில் இரத்த ஓட்டத்துக்கு நிஃபெடிபைன் தரப்படுகிறது. நுரையீரலுக்கு மைக்கோஃபினலேட்டும் 2019 முதல் நின்டெடானிப்பும் உள்ளன. இவை தழும்பேறுவதைத் தாமதப்படுத்தும், ஏறிய தழும்பை நீக்கா.

மற்ற மூட்டு நோய்களுக்குத் தாராளமாகத் தரப்படும் ஸ்டீராய்டு இங்கே எதிரியாகலாம். அதிக அளவில் கொடுத்தால் அதுவே சிறுநீரக நெருக்கடியைத் தூண்டக்கூடும். அதனால்தான் தோல் வேகமாக இறுகிவரும் நோயாளிகளை வீட்டிலேயே இரத்த அழுத்தம் அளந்து குறித்துவைக்கச் சொல்கிறார்கள். எண் திடீரென ஏறினால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.